காற்றறிந்து பாய் விரித்தல்

நுழையும்முன்

பாய் விரித்துக் கடலோடிய மரபு தமிழருக்குப் பழையது. காற்றின் இயக்கத்தை அறிந்து கலம் செலுத்திய சோழர் முன்னோனைப் பற்றிய குறிப்பு புறநானூற்றின் 66ஆம் பாடலில் உள்ளது. அப்பாடலைப் பாடியவர் வெண்ணிக்குயத்தியார். அந்தக் காற்றறிவு இன்று ஒலிம்பிக் விளையாட்டு ஒன்றின் அடிப்படையாகவும் விளங்குகிறது. மெல்லென வீசி, இடையிடையே திடீரெனச் சீறும் காற்றுக்கு ஏற்ற கருவிகளை எவ்வாறு தேர்வது, எவ்வாறு சீர்செய்வது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கழியும் காற்றும்

செங்கல்பட்டு மாவட்டத்தின் தென்பகுதியில், மாமல்லபுரத்திற்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த ஊர் கடப்பாக்கம். அது இடைக்கழிநாட்டைச் சேர்ந்தது. கழிகளுக்கு இடைப்பட்ட நிலம் என்னும் பொருளை அப்பெயரே தருகிறது. சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நல்லூர் நத்தத்தனார் இந்நாட்டினர். ஊரின் கிழக்கே, கழியின் கரையில், ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவர்கள் நிற்கின்றன. 1750இல் பிரெஞ்சுக்காரரிடம் வந்த அக்கோட்டையை 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றித் தகர்த்தனர். கலங்கள் வந்து சென்ற துறை அது. கோட்டையிலிருந்து பார்த்தால் முதலில் கழி, அதற்கப்பால் ஒரு மணல்திட்டு, அதற்கும் அப்பால் வங்கக்கடல் என மூன்றும் அடுத்தடுத்துத் தெரியும்.

பாய் விரித்து விளையாட விரும்புவோருக்கு இவ்வமைப்பு முதன்மையானது. மணல்திட்டு அலைகளைத் தடுத்துவிடுகிறது. காற்றை அது தடுப்பதில்லை. எனவே கழியில் நீர் தட்டையாகக் கிடக்க, மேலே கடற்காற்று தடையின்றி வீசும்.

ஆனால் எந்தத் திசைக் காற்றும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கிழக்கிலிருந்து வரும் கொண்டல் திறந்த கடலின்மேல் பல கல் தொலைவு தடையின்றி வருவதால் ஒரே சீராக வீசும். மேற்கிலிருந்து வரும் கோடைக்காற்று அவ்வாறன்று. அது சூடேறிய நிலத்தின்மேல் வருகிறது. பனந்தோப்பு, சவுக்குத்தோப்பு, வீடுகள் ஆகியவற்றில் மோதிச் சிதறுகிறது. ஒரு கணம் அடங்கிக் கிடந்து, மறுகணம் ஒரு பக்கமாகச் சீறும். இவ்வாறு சீறி எழுவதை வீச்சு என்றும் அடங்கிக் கிடப்பதைத் தணிவு என்றும் இக்கட்டுரை குறிக்கிறது.

தென்மேற்குப் பருவக்காலத்தில், ஆனி, ஆடி மாதங்களில், சோழமண்டலக் கரையில் காலைவேளைகளில் மேல்காற்றே பெரும்பாலும் வீசும். நிலம் நன்கு சூடேறிய பிறகு, நண்பகலிலோ அதற்குப் பின்னரோ, கடற்காற்று உள்ளே நுழையும். இரண்டும் இடம் மாறும் பொழுதில் காற்று எதையும் முடிவு செய்யாமல் தடுமாறும். கருவியை அணியமாக்கிக்கொண்டு கரையில் நிற்பவரின் பொறுமையைச் சோதிக்கும் பொழுது அது.

கயிற்றைக் கையில் வைத்திருந்தவர்கள்

இயந்திரப் படகுகள் வருவதற்கு முன் இக்கரையின் மீனவர்கள் கட்டுமரத்தில் முக்கோணப் பாய் விரித்துச் சென்றனர். கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல்லே ஆங்கிலத்தில் இருமேனிப் படகின் பெயராயிற்று. மிதக்கும் மரங்களைக் கயிற்றால் பிணைத்த அக்கலத்தில் நீரைத் தடுக்கும் சுவர் இல்லை. கவிழ்வைத் தடுக்கும் எடையும் அடியில் இல்லை. காற்று திடீரெனச் சீறினால் அதை எதிர்கொள்ள இருந்தவை இரண்டே: ஒன்று, கலத்தின் ஓரத்திற்கு நகரும் மனிதரின் உடல், மற்றொன்று, பாயின் கீழ்முனையைப் பிடித்திருந்த கயிறு. அக்கயிற்றைச் சற்றே நெகிழ்த்தினால் பாயிலிருந்து காற்று வழிந்துவிடும். கயிற்றை மரத்தில் முடிந்துவிட்டு அமர்ந்திருப்பவர் வீச்சு வரும்போது முடிச்சை அவிழ்க்கத் தொடங்குவார். அதற்குள் கலம் கவிழ்ந்திருக்கும்.

மென்காற்றுக்கும் ஓர் உத்தி இருந்தது. பருத்திப் பாயின் இழைகளுக்கிடையே காற்று கசியும். பாயின்மேல் கடல்நீரை இறைத்தால் இழைகள் ஊறிப் பருத்து, இடைவெளிகள் அடைபடும். கிடைக்கும் சிறு காற்றும் வீணாகாது. இன்றைய பாய்கள் காற்றுப் புகாத நெகிழித் தாளால் ஆனவை. நீர் தெளிக்கும் தேவை அவற்றிற்கு இல்லை. எனினும் கேள்வி மாறவில்லை. தணிவில் நகர்வதற்குப் போதுமான ஆற்றலை எவ்வாறு பெறுவது? அந்த ஆற்றலே வீச்சில் கவிழ்த்துவிடாமல் எவ்வாறு காப்பது?

இருமடங்கு காற்று, நான்மடங்கு விசை

இக்கேள்வி கடினமாவதற்குக் காரணம் ஓர் இயற்பியல் விதி. பாயின்மேல் காற்று செலுத்தும் விசை, காற்றின் வேகத்தோடு நேர்விகிதத்தில் உயர்வதில்லை. வேகத்தின் வர்க்கத்தோடு உயர்கிறது. 6 நாட் வேகத்தில் வீசும் காற்று 12 நாட்டாக உயர்ந்தால், பாயை இழுக்கும் விசை இருமடங்கு ஆவதில்லை. நான்கு மடங்கு ஆகிறது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்.

சீராக 12 நாட் வீசும் காற்றுக்கு ஒரு பாயைத் தேர்ந்தெடுப்பது எளிது. சீராக 6 நாட் வீசும் காற்றுக்கும் அப்படியே. ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே நிமிடத்திற்கு நிமிடம் ஊசலாடும் காற்றுக்குத் தேர்ந்தெடுப்பதே கடினம். தணிவுக்குப் பொருத்தமான பெரிய பாய் வீச்சில் ஆளைத் தூக்கி எறியும். வீச்சுக்குப் பொருத்தமான சிறிய பாய் தணிவில் பலகையை அசையவும் விடாது. சராசரியைக் கணக்கிட்டு 9 நாட்டுக்குரிய பாயை எடுப்பவர் இரண்டு தொல்லைகளையும் பாதிப்பாதியாகப் பெறுவார்.

தெரிந்து தெளிவோம்

பிரான்சிஸ் போஃபோர்ட் என்னும் கடற்படை அதிகாரி 1805இல் வகுத்த அளவை, கருவியின்றிக் காற்றை மதிப்பிட உதவுகிறது. சிற்றலைகளின் முகடு உடையாமல் கண்ணாடிபோல் மின்னினால் காற்று 4 முதல் 6 நாட். முகடுகள் உடையத் தொடங்கி, அங்கொன்றும் இங்கொன்றுமாக வெண்ணுரை தோன்றினால் 7 முதல் 10 நாட். வெண்ணுரை பரவலாகத் தெரிந்தால் 11 முதல் 16 நாட். இவை திறந்த கடலுக்கு உரியவை. கழியில் அலை வளர இடமில்லாததால் உண்மையான வேகம் கண்ணுக்குத் தோன்றுவதைவிடக் கூடுதலாக இருக்கும். அங்கே வீச்சை அறிய நீரின் நிறமே துணை. வீச்சு வரும் இடத்தில் நீர்ப்பரப்பு சிலிர்த்துக் கருமை படரும்.

நீரடி இறக்கை

1960களில் அமெரிக்காவில் உருப்பெற்றது பாய்ப்பலகை. அதன் வடிவமைப்பில் பங்குகொண்ட ஜிம் டிரேக் ஒரு வானூர்திப் பொறியாளர். எப்பக்கமும் சாயக்கூடிய இணைப்பின் மேல் பாய்மரத்தை நிறுத்தி, வளைந்த பிடிச்சட்டம் ஒன்றை இரு கைகளாலும் பற்றி, நின்றபடியே பாயைச் சாய்த்துச் செலுத்தும் முறை அது. 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டிகள் முதல் அது ஒலிம்பிக் விளையாட்டாக இருந்து வருகிறது. ஹாங்சோ நகரில் 2023இல் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவின் இபாத் அலி பாய்ப்பலகைப் பிரிவில் வெண்கலம் வென்றார்.

2024ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டின் தோற்றமே மாறியது. மார்செய் நகரக் கடலில் நடந்த அப்போட்டியில் பலகைகள் நீரைத் தொடாமல், ஏறத்தாழ இடுப்பளவு உயரத்தில் பறந்தன. பலகையின் அடியில் ஓர் ஒடுங்கிய தண்டு. தண்டின் கீழே வானூர்தியைப் போன்ற ஒரு சிற்றுரு. முன்னே பெரிய இறக்கை. பின்னே நிலைநிறுத்தும் சிறிய இறக்கை. நீரடி இறக்கை புதிய கருத்தன்று. இத்தாலியரான என்ரிகோ ஃபோர்லானினி 1906இலேயே மஜ்ஜோரே ஏரியில் இறக்கைப் படகொன்றை ஓட்டிக் காட்டினார்.

காற்றைவிட நீர் எண்ணூறு மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. அதனால்தான் வானூர்தியைத் தூக்க அகன்ற இறக்கைகள் தேவைப்பட, ஒரு மனிதரைத் தூக்க நீருக்குள் 900 சதுர சென்டிமீட்டர் இறக்கை போதுமானதாகிறது. விரித்து வைத்த நாளிதழின் ஒரு பக்கத்தைவிட அது சிறியது. பலகை நீரைவிட்டு எழுந்தவுடன் நீரின் தடை பெருமளவு குறைந்துவிடும். எழுவதற்குத் தேவைப்பட்ட விசையில் ஒரு பகுதியே பிறகு பறந்துகொண்டிருக்கப் போதும். ஆகவே, ஒரு வீச்சைப் பிடித்து எழுந்தவர் அடுத்துவரும் தணிவைப் பறந்தபடியே கடந்துவிடலாம்.

இதற்குத் துணை செய்வது தோற்றக்காற்று. காற்றே இல்லாத காலையில் மிதிவண்டி ஓட்டிச் செல்பவரின் முகத்தில் காற்று வந்து மோதுகிறது. அது அவருடைய வேகம் உண்டாக்கிய காற்று. பறக்கும் பலகையில் இயற்கைக் காற்றும் இந்த இயக்கக் காற்றும் ஒன்றுசேர்ந்தே பாயைத் தாக்குகின்றன. வேகம் குறையாதவரை தணிவு முழுத் தணிவாகத் தெரிவதில்லை. மென்காற்றுக் கரைகளுக்கு நீரடி இறக்கை பொருந்துவதன் உண்மையான காரணம் இதுவே.

தணிவுக்குத் தேர்தல்

தேர்ந்தெடுப்பது கரையில் நடக்கும் செயல். நீருக்குள் சென்றபின் மாற்ற முடியாது. ஆதலால் அதைத் தணிவைக் கருதியே செய்ய வேண்டும். தணிவில் எழ இயலாதவருக்கு வீச்சைப் பற்றிய கவலையே எழாது.

புதியவர் பலரும் மென்காற்று என்றவுடன் பெரிய பாயைத் தேடுகின்றனர். அது பழைய பாய்ப்பலகையின் கணக்கு. நீரடி இறக்கைக்கு முதலில் பெருக்க வேண்டியது பாயை அன்று, முன்னிறக்கையை. தூக்கும் விசை இறக்கையின் பரப்பைப் பொறுத்தும், நீரில் செல்லும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தும் அமைகிறது. ஓர் எடுத்துக்காட்டு: 900 சதுர சென்டிமீட்டர் இறக்கை ஒருவரைத் தூக்கப் பலகை 10 நாட் வேகம் எடுக்க வேண்டும் எனக் கொள்வோம். அதே வடிவில் இருமடங்கு பரப்புள்ள இறக்கை 7 நாட்டிலேயே அவரைத் தூக்கிவிடும். அந்த 3 நாட் வேறுபாடே கழியில் நாள் முழுதும் நீரில் தவழ்வதற்கும் பறப்பதற்கும் உள்ள வேறுபாடு.

பெரிய இறக்கைக்கும் குறையுண்டு. அது வேகமாகச் செல்லும்போது மிகுதியாகத் தூக்கும். வீச்சில் பலகை வேகமெடுத்தவுடன் இறக்கை நீர்ப்பரப்பைக் கிழித்து வெளியே வரும். அந்நொடியே தூக்கும் விசை அற்று, ஆள் விழுவார். எனவே மிகப் பெரியதைவிடச் சற்றுக் குறைந்ததே ஏற்றது. நீண்டு மெலிந்த இறக்கைகள் தொலைவு வழுக்கிச் செல்லும். ஆயினும் எழும் தறுவாயில் பிழை பொறுக்காதவை. குட்டையாகவும் சற்றுத் தடித்தும் உள்ளவை மெதுவாகச் செல்லினும் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும். வீச்சும் தணிவும் மாறிமாறி வரும் கழியில் கற்பவருக்குப் பின்னதே நல்லது.

இறக்கை தூக்கும் பொறுப்பை ஏற்றபின் பாயின் பணி குறைகிறது. பழைய பலகைக்கு எடுக்கும் பாயைவிட ஒன்று முதல் இரண்டு சதுர மீட்டர் சிறிய பாயே போதும். ஒலிம்பிக்கில் ஆடவர் 9, மகளிர் 8 சதுர மீட்டர் பாயைப் பயன்படுத்தினர் என்பதைக் கொண்டு கற்பவர் மயங்கலாகாது. அவர்கள் போட்டிக்கென்றே வளர்த்த உடலினர். ஒரே பாயை எல்லாக் காற்றிலும் கையாளும் கட்டாயம் உடையவர். தயாரிப்பாளர் தரும் அட்டவணைகளும் பெரும்பாலும் 75 முதல் 80 கிலோ எடையுள்ளவரைக் கருதி வகுக்கப்பட்டவை. 55 கிலோ எடையுள்ள மாணவர் அவ்வட்டவணையை அப்படியே பின்பற்றினால் வேண்டாத பாயைச் சுமப்பார்.

இக்கருவிகளின் விலை சிறிதன்று. முழுத்தொகுப்புக்குச் சில இலட்சம் ரூபாய் ஆகும். எனவே சங்கமோ பள்ளியோ வாங்கும்போது, மூன்று பாய்களும் ஓர் இறக்கையும் வாங்குவதைவிட, ஒரு நடுத்தரப் பாயும் இரண்டு முன்னிறக்கைகளும் வாங்குவது அறிவுடைமை. இறக்கையை மாற்றச் சில திருகாணிகளைக் கழற்றினால் போதும்.

வீச்சுக்குத் திருத்துதல்

தணிவைக் கருதித் தேர்ந்த கருவியை வீச்சு தாங்கும்படி திருத்துவது அடுத்த வேலை. பாயைத் திருத்தும் கயிறுகள் இரண்டு. முன்விளிம்பைப் பாய்மரத்தோடு கீழ்நோக்கி இழுப்பது டவுன்ஹால். பாயின் பின்மூலையைப் பிடிச்சட்டத்தின் கோடிக்கு இழுப்பது அவுட்ஹால். இவ்விரண்டின் பணியும் வேறுவேறு. இவற்றை ஒன்றெனக் கருதுவதே பல இன்னல்களுக்கு வேர்.

காற்று மெலிதாக இருக்கிறது என்று இரண்டு கயிறுகளையும் நெகிழ்த்திவிடுவது வழக்கம். சீரான மென்காற்றில் அதனால் தீங்கில்லை. வீச்சுள்ள காற்றில் டவுன்ஹாலை நெகிழ்த்தினால் பாயின் மேற்பகுதி இறுகிய பலகைபோல் நிற்கும்; வீச்சு வந்தவுடன் முழு விசையும் உச்சியில் தாக்கி ஆளைச் சாய்க்கும். மாறாக, டவுன்ஹாலைப் போதிய அளவு இழுத்து வைத்தால் பாய்மரம் வளைந்து, பாயின் மேற்பகுதிப் பின்விளிம்பு தளரும். வீச்சு தாக்கும் கணத்தில் அப்பகுதி தானே திரும்பி மிகுதிக் காற்றை வழியவிடும். வீச்சு அடங்கியதும் வளைந்த பாய்மரம் நிமிர்ந்து பாய் பழைய வடிவுக்கு வரும். கட்டுமரக்காரர் கையால் கயிற்றை நெகிழ்த்திச் செய்ததை இங்கே பாய்மரத்தின் வளைவு செய்கிறது. நொடிப்பொழுதில் வரும் வீச்சுக்குக் கையைவிட அது விரைந்து இடம் கொடுக்கும்.

தணிவுக்குரிய ஆற்றலை அவுட்ஹாலே தர வேண்டும். அதை ஓரிரு விரற்கடை நெகிழ்த்தினால் பாயின் நடுவில் தொப்பை விழும். தொப்பை ஆழமாக இருந்தால் மெதுவாகச் செல்லும்போது இழுப்பு மிகும். பறக்கத் தொடங்கியபின் அதே தொப்பை வேகத்தைத் தடுக்கும். அப்போது இழுத்துத் தட்டையாக்க வேண்டும். கையெட்டும் தொலைவில் அவுட்ஹாலைத் திருத்தும் கயிறு உள்ள பிடிச்சட்டம் ஊசலாடும் காற்றில் பெரிதும் பயன்படுவது இதனால்தான்.

பாய்மரத்தின் அடியைப் பலகையிலுள்ள காடியில் முன்னும் பின்னும் நகர்த்தலாம். முன்னே நகர்த்தினால் எடை மூக்கில் விழுந்து, வீச்சில் பலகை எகிறுவது அடங்கும். பின்னே நகர்த்தினால் விரைவில் எழும், அடக்குவது கடினம். ஒரு சென்டிமீட்டர் நகர்வுகூட உணரத்தக்க மாற்றம் தரும். பின்னிறக்கையின் அடியில் மெல்லிய ஆப்புத் தகடு வைத்து அதன் கோணத்தை அரைப் பாகை அளவில் மாற்றுவதும் உண்டு. கோணம் கூடினால் எழுவது எளிதாகும், தடையும் கூடும். ஒரே நேரத்தில் இவற்றுள் இரண்டை மாற்றுபவர் எந்த மாற்றத்தால் என்ன நேர்ந்தது என்பதை அறிய மாட்டார். ஒன்றை மாற்றி, ஓடிப்பார்த்து, பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

இத்தனைக்குப் பின்னும் எஞ்சுவது உடலின் பணி. வீச்சின் கருமை நீரில் நெருங்குவதைக் கண்டவுடன் உடல் எடையைச் சற்று முன்னே சாய்த்து, பின்கையைத் தளர்த்த வேண்டும். வீச்சு வந்தபின் செய்வது காலம் கடந்த செயல்.

கழியின் ஆழமும் வலையும்

கடல்சார் நூல்களில் காற்றைப் பற்றிய அட்டவணைகள் நிறைய உள்ளன; ஒரு கழிக்குள் எத்தனை வலைகள் கட்டப்பட்டுள்ளன என்பதைச் சொல்லும் அட்டவணை இல்லை. அதை அவ்வூர் மீனவரிடமே கேட்க வேண்டும். போட்டிகளில் பயன்படும் இறக்கைத் தண்டு ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் நீளமுடையது. கழிகளின் முகத்துவாரங்களில் மணல்திட்டுகள் ஓதத்திற்கேற்ப வெளிப்படும். மழைக்காலத்திற்குப் பின் இடமும் மாறும். பறந்துகொண்டிருக்கும்போது இறக்கை மணலில் குத்தினால் பலகை அங்கேயே நின்றுவிடும். ஆள் மட்டும் முன்னே பாய்வார். ஆகவே கழிக்கு 60 முதல் 75 சென்டிமீட்டர் வரையுள்ள குட்டைத் தண்டே பொருத்தம். கலம் இறங்குவதற்கு முன் அவ்விடத்தை ஓதம் தாழ்ந்த வேளையில் ஒருமுறை நடந்தும் துடுப்பு போட்டும் அளந்துகொள்வது நல்லது.

இறக்கையின் விளிம்பு கத்தியை ஒத்தது. அது ஆளையும் வெட்டும், வலையையும் வெட்டும். ஒரு விளையாட்டு வீரருக்கு ஒரு மாலைப்பொழுதின் மகிழ்ச்சி குறைவது சிறு இழப்பு. ஒரு மீனவக் குடும்பத்திற்கு வலை கிழிவது பல நாள் வருவாயின் இழப்பு. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவக் குடும்பத்து இளைஞர்களே அலைச்சறுக்கில் முன்னணி வீரர்களாக உயர்ந்துள்ளனர். கடப்பாக்கம் போன்ற ஊர்களில் இப்புதிய விளையாட்டு வேரூன்ற வேண்டுமாயின், அது வலை கட்டுவோரின் நேரத்தையும் இடத்தையும் அறிந்து, அவர்களுடைய பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டே வளர வேண்டும்.

தலைக்கவசமும் மிதவை உடுப்பும் இன்றி எவரும் இறங்கலாகாது. மேல்காற்று வீசும் காலையில் கழியைத் தாண்டித் திறந்த கடலுக்குச் செல்வதை அறவே தவிர்க்க வேண்டும். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று, கரையோரத்தில் அடங்கியதுபோல் தோன்றி, உள்ளே செல்லச் செல்ல வலுக்கும். அதில் தணிவு வந்து பலகை நீரில் அமர்ந்துவிட்டால், திரும்பிவர வழியின்றிக் கடலுக்குள் அடித்துச் செல்லப்படுவர். இந்திய வானிலை ஆய்வுத் துறையும், ஐதராபாத்தில் இயங்கும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையமும் மீனவர்களுக்கு வெளியிடும் முன்னறிவிப்புகள் விளையாடுவோருக்கும் உரியவையே.

அவ்வாறு அகப்பட்டவர் பலகையை விட்டு நீந்த முற்படலாகாது. பலகை மூழ்காது, தேடி வருபவரின் கண்ணுக்கு மனிதத் தலையைவிட எளிதில் தெரியும். பாயை நீரில் படுக்கவிட்டால் அது நங்கூரம்போல் இழுத்து, அடித்துச் செல்லப்படும் வேகத்தைக் குறைக்கும். பலகையின்மேல் அமர்ந்து, இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மெல்ல உயர்த்தித் தாழ்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கடலில் உதவி வேண்டுவோருக்கு உலகெங்கும் ஏற்கப்பட்ட அடையாளம் அது.